வரைபடத்தில் ஒரு மேடு

"என் தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டது யாருன்னு தெரியாம ஒருத்தரும் இந்த ரூமை விட்டுப் போகக்கூடாது," என்றாள் அக்கா. கதவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே பதினொரு பேர். எல்லாரும் இயற்பியல் படித்தவர்கள். அக்கா அந்த ஆய்வுக் குழுவின் தலைவி. தங்கை அதே குழுவில் ஆராய்ச்சியாளர்.

புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் அசுர வேகத்தில் முட்டிக்கொள்ளும்போது துகள்கள் தாரை தாரையாகத் தெறிக்கும். அந்தத் தாரைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கணக்குப் போட்டு, மூன்று வருஷம் மல்லுக்கட்டி வரைபடம் வரைந்தவள் தங்கை. வழுவழுவென்று சரிய வேண்டிய கோட்டில் ஓரிடத்தில் மேடு எழும்பியிருந்தது. இதுவரை யாரும் பார்க்காத துகளாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் முன்னால் அறிவிப்பதாக ஏற்பாடு.

அதற்குள் பேர் போடாத ஏழு பக்கக் குறிப்பு ஒன்று பரிசீலனைக் கமிட்டிக்குப் போய்விட்டது. சில தாரைகள் ஒடுங்கி வரும். சில விளக்குமாறு மாதிரி விரிந்து வரும். விரிந்து வருவதில் கொஞ்சம் ஆற்றல், அளக்கும் வட்டத்துக்கு வெளியே சிந்திவிடும். சிந்தியதை ஈடுகட்ட இரண்டுக்கும் ஒரே திருத்தம் போட்டது தப்பு, சரியாகப் போட்டால் மேடே கிடையாது என்றது குறிப்பு. கமிட்டி அறிவிப்பை நிறுத்திவிட்டது.

ஆளுக்கொரு பிரதியை அக்கா மேசைமேல் வீசினாள். எல்லாரும் புரட்டினார்கள். தங்கை மட்டும் தொடவில்லை. பாவம், மனசு விட்டுப்போச்சு என்று நினைத்த அக்காவுக்கு இன்னும் ரத்தம் கொதித்தது.

"இது வெளியாள் எழுதினதில்ல. நம்மகூட உட்கார்ந்து டீ குடிக்கிறவங்க எழுதினது."

சொல்லிக்கொண்டே அவள் பார்வை, 'தராசு' என்று எல்லாரும் கூப்பிடும் ஆள்மேல் போய் நின்றது. தாரைகளின் ஆற்றலை அளக்கும் கருவியைச் சரிபார்ப்பவர் அவர். பத்தொன்பது வருஷத்தில் இம்மி பிசகாததால் அந்தப் பேர். போன மாதம்தான் துணைத் தலைவர் பதவி அவர் கையை விட்டுப் போயிருந்தது. அந்த வயிற்றெரிச்சல்தான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள்.

தான் எழுதவில்லை என்றார் அவர். அதோடு விட்டிருக்கலாம்.

"ஆனா கணக்கைப் போட்டுப் பாத்தேன் மேடம். சரியாத்தான் இருக்கு."

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி கதவில் மோதியது. கூட இருந்தே குழி பறிக்கிற ஆள் என்றாள். ஒரு பெண் பேர் வாங்குவது பொறுக்கவில்லை என்றாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, இனிமேல் இந்தக் குழுவில் இடமில்லை, அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போகலாம் என்றாள்.

தராசு கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார். அவசரத்தில் கயிறு மூக்குக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது.

தங்கை எழுந்து வந்து சிக்கலை எடுத்துவிட்டாள். அட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீ போய் உட்காரு. உனக்காகத்தானே நான் இவ்வளவு பேசறேன்," என்றாள் அக்கா.

தங்கையின் முகம் அக்கா முகத்தைவிடச் சிவந்திருந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"ரெண்டு தடவை உன்கிட்ட சொன்னேன், நீ காதுல வாங்கலை. மூணாவது தடவைதான்க்கா கமிட்டிக்கு எழுதினேன்."