வேணியின் பல்பு

கீமோ தொடங்கியதிலிருந்து சங்கரலிங்கத்துக்குத் தூக்கமே இல்லை. டாக்டர் மெலடோனின் மாத்திரையைப் பெரிய டோஸில் எழுதிக்கொடுத்தார். "நோய்க்கு மருந்து அந்த ஊசிதாம்மா. இது துணைக்குத்தான். ஆனா படுக்கிற ரூம் கும்மிருட்டா இருக்கணும்" என்று சங்கரலிங்கத்தின் மனைவி வடிவிடம் சொன்னார்.

வடிவு ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள். இன்வெர்ட்டரின் பச்சைப் பொட்டின்மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். மிச்சமிருந்தது, கட்டிலுக்கு எதிரே மாலை போட்ட படத்தின் முன் எரிந்த சின்னச் சிவப்பு பல்பு. மகள் வேணி காய்ச்சலில் போன அன்று போட்டது, பிறகு அணைத்ததே இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டரும் தீர்ந்தால் அங்கே ஒரு அகல் ஏற்றிவிடுவாள். பிள்ளைக்கு இருட்டென்றால் பயம். டாக்டர் சொன்னதால் அன்றிரவு கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

காலையில் அவர் முகம் தெளிந்திருந்தது. இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"வேணி வந்தா வடிவு. இருட்டா இருக்குப்பான்னு சொல்லி என்னை ஒட்டிப் படுத்துக்கிட்டா. காலு ரெண்டும் ஐஸ் மாதிரி."

வடிவு சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "என்னைக் கேட்டாளா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவ எழுந்தார்.

பொழுது சாய்ந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு பிள்ளை படுக்கிற இடம் விட்டுச் சுவரோரம் ஒதுங்கிப் படுத்தார். "பல்பை அணைச்சிரு" என்றார்.

வடிவு அட்டையிலிருந்து இன்னொரு மாத்திரையைப் பிதுக்கி விழுங்கினாள். அவர் விட்டிருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.