சுறாக்களுக்கு நடுவே கரைக்கு

கடலாமைக்கு வயிறு நிறைய முட்டை. கரைக்குப் போகிற வழியில் ஏழு சுறாக்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"பயம் போனதும் போகலாம், இரு," என்றது பாறையிடுக்கில் ஒளிந்திருந்த கணவாய் மீன். அது ஆறு மாதமாக அங்கேயேதான் இருக்கிறது.

"முட்டை அதுவரைக்கும் பொறுக்காது," என்று ஆமை கிளம்பிவிட்டது.

நடுவழியில் பெரிய சுறா ஒன்று வந்து அதன் முதுகில் மோதியது. ஆமை கவிழ்ந்தது. புரண்டு நிமிர்ந்து, அதே திசையில் நீந்தியது. சுறா பக்கத்திலேயே வந்தது.

"உனக்குப் பயமே இல்லையா?"

"உடம்பெல்லாம் நடுங்குது. ஆனா கரை அந்தப் பக்கம்தானே இருக்கு?"

"திரும்பும்போதும் இதே வழியாத்தான் வரணும், தெரியுமில்ல?"

"தெரியும். அப்போ வயிறு லேசா இருக்கும். இன்னும் வேகமா நீந்துவேன்."

சுறா விலகி வழிவிட்டது.