கேள்வி கேட்கும் டாக்டர்

“ம், ஆகே?” என்றார் டாக்டர் ஜெகநாதன், மேஜையின் தலைமாட்டுப் பக்கமிருந்து.

‘ஆகே’ என்றால் இந்தியில் ‘அடுத்து?’. அடுத்தது என்ன என்று மாணவி வாயால் சொன்ன பிறகுதான் கத்தி உடம்பைத் தொட வேண்டும். கேம்பல் பே ஆஸ்பத்திரியில் அது அவர் வைத்த சட்டம். தப்பாகச் சொன்னால் இடுக்கிக் காம்பால் விரல் முட்டியில் ஒரு போடு.

மரகதம் பட்டாளத்துக்காரர் மகள். மெட்ராஸில் கடைசி வருஷம் டாக்டருக்குப் படிப்பவள். சர்ஜரி பயிற்சிக்கு வீடு இருக்கும் தீவுக்கே வந்து, அந்தப் போடுகளை வேண்டிய மட்டும் வாங்கியிருந்தாள். இன்று ஒன்றுகூட விழவில்லை.

தோல், கொழுப்பு, தசை என்று சொல்லிக்கொண்டே திறந்தாள். கொழுப்புதான் லேசில் முடியவில்லை. நோயாளி தீவு மீனை ஒரு கை பார்த்தவர் போலிருந்தது.

மரத்துப்போக முதுகில் ஊசி போட்டதும் அவள்தான். அதில் அவளுக்கே கொஞ்சம் கர்வம்.

வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குடல்வால் வீங்கிவிட்டது. இன்றைக்கே எடுக்காவிட்டால் வெடித்துவிடும், அப்புறம் ஆள் பிழைப்பது சந்தேகம். போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகக் கப்பல் இல்லை. தீவில் இருந்த ஒரே சர்ஜன் ஜெகநாதன். அவர் கையில் இன்று கத்தி இல்லை.

சிஸ்டர் அன்னம்மாள் தலைமாட்டில் நின்று நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடல்வால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

“ஆகே?”

“பெருங்குடலுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும் சார். தேடறேன்.”

விரலை உள்ளே விட்டாள். வழுக்கியது. மறுபடி விட்டாள்.

“கிடைச்சுதா? இன்னும் மேல பாத்தியா? ரத்தம் வருதா?”

அது பரீட்சை வைக்கும் குரல் இல்லை. டாக்டர் பயந்துபோயிருந்தார்.

மரகதத்துக்குப் பயமில்லை. விரல் நுனியில் அது தட்டுப்பட்டுவிட்டது. கொஞ்ச நேரம் எதுவும் அசையாமல் இருந்தால் போதும்.

“பேசாதீங்க சார். நீங்க பேசப் பேச உங்க வயிறு ஆடுது.”

திரைத்துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் வாயை மூடிக்கொண்டார். சிஸ்டர் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

வயிறு அடங்கியது. மரகதம் குடல்வாலை முழுசாக, வெடிக்காமல், வெளியே எடுத்தாள்.