பம்பாய்க்கு ஏழு மணி நேரம்

“பம்பாய் அறுநூறு மைலுக்கு மேல. ரயில் ஒரு பகல், ஒரு ராத்திரி இழுக்கும். ஏரோப்ளேன்னா ஏழே மணி நேரம்!” என்று பஞ்சாங்கத்தை மூடினார் மயிலாப்பூர் அனந்தராமன்.

“ஏன்னா, ரயிலே போறும். நடுவானத்துலேர்ந்து விழுந்துட்டா?” என்றாள் மனைவி அபயாம்பாள்.

“பம்பாய்ப் பிள்ளையாத்துக்காரா ஞாயித்துக்கிழமை முடிவு பண்றா. நம்ம பொண்ணு ஜானு கல்யாணம் நடக்கணுமா, வேண்டாமா?”

“ராகு காலம்?”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்குத்தான் ஆரம்பம். பத்துக்கே படி தாண்டிடலாம்.”

அந்தக் குடும்பத்தில் யாரும் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. அபயாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். சகுனம் பார்த்து அனந்தராமன் படியிறங்கினார்.

தெருமுனையில், ஜானுவின் ஜாதகம் வைத்து மூலைக்கு மூலை மஞ்சள் தடவிய விமானத் தபால் உறையைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுக் கும்பிட்டார். அப்போதுதான் பெட்டியில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: ‘தபால் எடுக்கும் நேரம் 10.30.’

பத்தரைக்குத் தபால்காரர் ஷரீஃப் சாவியோடு வந்தபோது, அனந்தராமன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

“ராகு காலம்ப்பா! பன்னெண்டுக்குத் திற.”

“ஏரோப்ளேன் நிக்காது சாமி. லெட்டர் வூட்ட வுட்டு எப்போ கெளம்புச்சு?”

“பத்துக்கு.”

“அப்பறம் இன்னா? கெளம்பியாச்சு. இது வெயிட்டிங் ரூமு. தள்ளு!”