தேவதைகளின் ராணி, நாலு எழுத்து

"தேவதைகளோட ராணி. நாலு எழுத்து. சொல்லுங்க பாப்போம்."

"ஏளா ஸ்டெபி, இது குறுக்கெழுத்து போடுத நேரமா?" வாக்கிடாக்கியில் ஜெனிஸின் குரல் உடைந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கச்சான் காற்று வெறிபிடித்து வீசிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய்விட்டது. கப்பலில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ராட்சதக் கிரேன் பாதி வேலையில் நின்றது. லிஃப்டும் ஓடவில்லை. நாற்பது மீட்டர் உயரத்தில் கேபின். அதற்கும் தரைக்கும் நடுவே நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணி மட்டும்.

கணவன் மனைவி இருவருக்கும் அந்த ஒரே கிரேனில்தான் வேலை, மேலும் கீழுமாக. டீ நேரத்தில் வாக்கிடாக்கியிலேயே அன்றைய பேப்பரின் குறுக்கெழுத்தைப் போட்டு முடிப்பார்கள். தோற்றவர் மீன் கழுவ வேண்டும்.

"கேபின் ஆடுதுளா."

"ஆடத்தான் செய்யும். தொட்டில்னு நினைச்சுக்கிடுங்க."

"என்னால முடியல. ஏணி வழியா வந்துருதேன்."

ஸ்டெபியின் பேனா நின்றது. "ஏணியில காலை வச்சிட்டீங்களா?"

"ஒரு படிதான்."

"எடுங்க."

"ஸ்டெபி..."

"எடுங்கன்னேன். போன ஆடியில இதே காத்துல ரெக்சன் அண்ணன் ஏணியில கெத்து காட்டுனாரு. இன்னும் கட்டில்லதான் கிடக்காரு. எடுத்தாச்சா?"

"ம்."

"ம் வேண்டாம். வாயைத் திறந்து சொல்லுங்க."

"எடுத்துட்டேன்."

அவள் பேப்பரைத் தொடையில் மறுபடி விரித்தாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. முழங்கையால் அமுக்கிக்கொண்டாள்.

"தேவதைகளோட ராணி."

"மகராணி."

"ஊர்ல உள்ள எல்லா ராணியும் மகராணிதான். வேற."

"சம்மனசுகளோட இராக்கினின்னா நம்ம மாதாதான்."

"மாதா ரெண்டு எழுத்து. மிச்சம் ரெண்டு கட்டத்துல யாரை வைக்க, உங்க அம்மையவா?"

"வெளயாடாத. நான் இங்க மாதாகிட்டதான் மன்றாடிக்கிட்டு இருக்கேன்."

"நல்லா மன்றாடுங்க. ஏணியைத் தொடாம மன்றாடுங்க. இவ சாமி இல்ல. நாட்டுப்புறக் கதையில வருவா, நாடகத்துல வருவா. காட்டுக்குள்ள கொலு வச்சிருப்பா. மேலிருந்து கீழ் 'வலை' வந்துட்டு. அதனால முதல் எழுத்து வ."

"மேலிருந்து கீழ்னு மட்டும் சொல்லாதளா."

ஸ்டெபி சிரித்துவிட்டாள். அந்தப் பக்கம் மூச்சு கொஞ்சம் நிதானமானது.

"காடுன்னா... வனம். வனராணி?"

"அப்படிப் போடுங்க!"

இடையில் மாடக்கண்ணுவின் குரல் நுழைந்தது. சூப்பர்வைசர். "ரெண்டு பேரும் கேளுங்க. ஜெனரேட்டர் சரியாயிட்டு. இப்ப லைன் குடுக்கப் போறோம். கேபின் மெதுவா பின்னால வரட்டும். யாரும் அவசரப்படக் கூடாது. ஸ்டெபி, ஜெனிஸ் இன்னும் நடுங்குதானா?"

"இல்ல அண்ணாச்சி. குறுக்கெழுத்துல தோத்த கவலையில இருக்காரு."

"நான் எங்க தோத்தேன்?" ஜெனிஸ் சீறினான். "வனராணி நான்தான சொன்னேன்! இன்னைக்கு மீன் நீதான் கழுவுத."

"சரி, கழுவுதேன்" என்றாள் ஸ்டெபி. அவளுக்கு அந்தக் கோபம் போதும்.

கிரேன் உறுமியது. கேபின் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்து லிஃப்ட் வாசலில் நின்றது. சற்று நேரத்தில் லிஃப்ட் தரையைத் தொட்டது. மாடக்கண்ணு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

ஆபரேட்டர் ஸ்டெபி வெளியே வந்தாள். ஏணியின் அடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள்.

"எந்திரிங்க. மேல ஏறி வந்து, என்னைத் தூக்கிக்கிட்டா இறங்கியிருப்பீங்க?"