சிக்காத தோட்டா

"வெர்லின் அண்ணே, என் ரிவால்வருக்குத் தோட்டா வேணும். எத்தனை தடவை சுட்டாலும் அழுக்கு படியாததாக் குடுங்க" என்றபடி ரோவீனா கடைக்குள் வந்தாள். அவள் கோட்டில் புகைநாற்றம் அடித்தது.

மொன்டானா மலைச்சரிவில் எரிந்த காட்டுத்தீ முந்தாநாள்தான் அடங்கியிருந்தது.

"உன் வீடு தப்பிச்சிடுச்சாமே?" என்றார் கடைக்காரர் வெர்லின்.

"வீடு தப்பிச்சிடுச்சுண்ணே."

"அதான் சுடுற போட்டிக்குக் கிளம்பிட்டியா? போன வருஷம் நீ வாங்கின கோப்பையே இன்னும் என் கண்ணை உறுத்துது." சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தார். "இதுவரைக்கும் எதைப் போட்டே?"

"மெழுகு பூசின ஈயத் தோட்டா. கொஞ்சம் சுட்டதுமே உள்ளே பிசுபிசுன்னு ஆயிடுச்சு. காலி உறை வெளிய வரல, புதுசும் உள்ள போகல."

"அந்த மெழுகுதான் வில்லன். செம்புப் பூச்சு போட்டது தர்றேன். போட்டி நடுவுல குச்சியை வச்சு நோண்டிட்டு நின்னா எவன் காத்திருப்பான்?"

"அதுங்க காத்திருக்குண்ணே."

"எதுங்க?"

"என் ஆடுங்க. வேலியோரமா வெந்துபோய் நிக்குதுங்க. டாக்டர் பாத்துட்டு, பொழைக்காதுன்னுட்டாரு. கண்ணு தெரியல. என் குரலைக் கேட்டா, தீனி கொண்டாந்திருக்கேன்னு கிட்ட வருதுங்க. காலையில பாதியிலயே துப்பாக்கி சிக்கிடுச்சு."

வெர்லின் தோட்டாப் பெட்டிகளோடு தன் ரிவால்வரையும் எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினார்.

"நான் பாத்துக்கறேன். நீ வண்டியிலேயே இரும்மா."

"வேண்டாம்ணே. தெரியாத ஆளுன்னா மிரளும். நான் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க சுடுங்க."