முகம் எடுபடாது

"ஹெலனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் மேடையில் வாயசைக்கட்டும். நீ திரைக்குப் பின்னால் நின்று பாடு," என்றார் ஒபரா இசைநாடகத்தின் இயக்குநர் டக்ளஸ். மெல்பேர்ணில் மத்தியானக் காட்சி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளுக்கு முடியாமல் போனால் நான் நடிப்பதென்றுதானே மூன்று மாதம் ஒத்திகை பார்த்தேன்?"

"குரல் சரி. முகம் எடுபடாது. பார்க்க வருபவர்கள் நம்பமாட்டார்கள்."

"போன வருடம் ஸ்பானியச் சீமாட்டியாகப் பாடினேன், நம்பினார்கள். எழுபத்தைந்தாம் ஆண்டு சிட்னியில், மியூசிக்கலில் ஐரிஷ் வேலைக்காரியாக ஆடிப் பாடினேன், எழுந்து நின்று கைதட்டினார்கள்!"

"இது வேறு வேஷம்," என்று சொல்லிவிட்டு டக்ளஸ் போய்விட்டார்.

தவமலருடைய கோட்டோடு நின்ற கணவர் கதிர்காமநாதனுக்கும் பொறுக்கவில்லை. "உமக்கென்ன விசரே? ஒளிச்சு நிண்டு பாடப் போறீரே? வாரும், வீட்டை போவம்."

"பொறுங்கோ. ரிக்கற் எடுத்து வந்த சனம் என்ன பாவம் செய்தது? பாடிப்போட்டு வாறன்."

அப்போது மேக்கப் போடும் ஜூடி, பழுப்புச் சாயக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள்.

"நல்லவேளை, நீ இங்கேதான் இருக்கிறாய்! கையைக் கொஞ்சம் நீட்டு தவமலர். ஹெலன் முகத்துக்கு இதைத்தான் பூசப் போகிறேன். யாழ்ப்பாணத்து இளவரசிக்கு இந்த நிறம் சரிதானா என்று உன் கையோடு வைத்துப் பார்க்க வேண்டும்."

தவமலர் கையை நீட்டினாள், கணவர் விரித்துப் பிடித்த கோட்டுக்குள்.